பர்க்மேன் ஸ்ட்ரீட் இஎக்ஸில் கண்டம் தாண்டலாமா? முதலில் அரிச்சல்முனை வரை ஓட்டிப் பாருங்கள்

125 சிசி ஸ்கூட்டர் வேண்டும் என்று ஷோரூமில் போய் நின்றால் மைலேஜ், டிக்கி அளவு, புளூடூத் மீட்டர் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். பல நாடு தாண்டி ஓட்டிப்போக வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இன்வாய்ஸில் என்ன தொகை போடுவீர்கள்?

காரணம் கார்னெட். வண்டியின் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 1954-இல் நியூயார்க்கில் கையெழுத்தான சுங்க உடன்படிக்கையின் வழியில் வந்த ஏற்பாடு இது. வண்டியை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோகும்போது இறக்குமதி வரி கட்ட வேண்டாம். திரும்ப வெளியே எடுத்துப் போய்விடுவார் என்று நம் நாட்டு மோட்டார் சங்கம் ஜாமீன் நிற்கும். மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்றவை இதைத் தருகின்றன. சும்மா யார் ஜாமீன் நிற்பார்கள்? வண்டி மதிப்பைக் கணக்கிட்டு நம்மிடம் டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். சில நாடுகளுக்கு அந்தத் தொகை வண்டி மதிப்பையே தாண்டும். பத்து லட்ச ரூபாய் அட்வென்ச்சர் பைக் வைத்திருப்பவர் நிலத்தை அடகு வைக்க வேண்டிய இடத்தில், லட்ச ரூபாய்க்கு அக்கம்பக்கம் விலையுள்ள ஸ்கூட்டர்காரர் ஒரு நகையோடு தப்பித்துவிடுவார். சுஸூகி பர்க்மேன் ஸ்ட்ரீட் இஎக்ஸுக்கு இங்கே விழும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். ரோட்டில் அது வாங்கும் மதிப்பெண் கொஞ்சம் குறைவு.

சாதா பர்க்மேனா, இஎக்ஸா என்று யோசிப்பவர்கள் பின் சக்கரத்தை மட்டும் பார்த்தால் போதும். சாதாவில் 90/100-10, அதாவது 10 அங்குலம். இஎக்ஸில் 100/80-12. தார் பெயர்ந்த குழியில் சின்னச் சக்கரம் முழுசாக இறங்கும், 12 அங்குலம் விளிம்பில் ஏறிப் போய்விடும். வெளிநாட்டில் டயர் தேடும்போதும் 12 அங்குலம்தான் சுலபம். மற்றபடி அதே 124 சிசி, காற்றில் குளிரும், எரிபொருளைப் பீய்ச்சித் தரும் எஃப்ஐ எஞ்சின், 8.6 பிஎஸ், 10 நியூட்டன் மீட்டர். எடை 111 கிலோ. சீட்டுக்கு அடியில் 21.5 லிட்டர் இடம். எஞ்சின் குடும்பம் ஆக்சஸ் 125-உடையது என்பதால் பரமக்குடியிலும் கீழக்கரையிலும் கைபழகிய மெக்கானிக் கிடைப்பார். ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் இதே வண்டி விற்பனையில் இருக்கிறது. நடுவில் உள்ள நாடுகளில் பாகம் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

உட்காரும் வாகு இதன் பெரிய பலம். காலை முன்னால் நீட்டி வைக்கலாம், மடக்கியும் வைக்கலாம். ஒரு நாளில் 250 கி.மீ. ஓட்டுகிறவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது எஞ்சின் பவரைவிட முக்கியம். முன் கண்ணாடி அலங்காரத்துக்குத்தான். நெஞ்சுக்கு வரும் காற்றை அது தடுக்காது, உயரமானதாக வாங்கி மாட்ட வேண்டும்.

டேங்க் 5.5 லிட்டர். இங்கேதான் கணக்கு இடிக்கும். முழு லோடோடு எதிர்காற்றில் போனால் லிட்டருக்கு 35 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், டேங்குக்கு 190 சொச்சம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது ஒரு பொருட்டே இல்லை, தொண்டிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் பங்க் தென்பட்டுக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியில் பலடோனியாவிலிருந்து கைகூனா வரை 182 கி.மீ. நடுவில் எண்ணெய் கிடையாது. அதில் 146 கி.மீ.க்கு மேல் வளைவே இல்லாத ஒற்றைக் கோடு. அங்கே எதிர்காற்று இன்னும் கொஞ்சம் முறைத்தால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். எனவே 5 லிட்டர் கேன் கட்டாயம். கியர் பைக்கில் அதைப் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். ஸ்கூட்டரில் புட்போர்டு இருக்கிறது: கேனை அங்கே படுக்காமல் நிற்க வைத்து இரண்டு பெல்ட்டால் இறுக்கினால் எடை தாழ்வாக, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காரும். கால் நீட்டும் சுகம் அன்றைக்கு மட்டும் போகும், அவ்வளவுதான்.

எடையைத் தோராயமாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். மண்டபத்தில் மீன் எடை போடும் தராசில் பைகளைத் தூக்கி வையுங்கள். மொத்த லக்கேஜ் 35 கிலோவைத் தாண்டினால் எதையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லாவற்றையும் பின்னால் டாப் பாக்ஸில் திணித்தால் முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். கனமான டூல், ஸ்பேர் எல்லாம் சீட்டுக்கு அடியில். துணி, கூடாரம் மேலே.

இதைச் சோதிக்கப் பாம்பன் ரோட்டுப் பாலத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆடி மாதக் கச்சான் காற்றில் 2 கி.மீ.க்கு மேல் பக்கவாட்டு அடி. டாப் பாக்ஸ் பாய் விரித்த மாதிரி காற்றை வாங்கும். 50-இல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடினால் பரவாயில்லை. ஹேண்டில் இடவலமாக நடுங்கினால் லோடைக் கீழே இறக்குங்கள், பின் டயர் காற்றைப் பாருங்கள். அப்படியே தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போனால் ரோட்டின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணலில் பிரேக் பிடிக்கக்கூடாது, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்துக் கடக்க வேண்டும். கஜகஸ்தான் மணலுக்கும் இதே பாடம்தான். மாலையில் சோதனைச்சாவடியை மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

இனி, இப்படிப் போகிற எந்த ஸ்கூட்டரையும் நடுரோட்டில் நிறுத்தக்கூடிய பாகம்: சிவிடி. கியர் பெட்டிக்குப் பதில் முன்னால் வேரியேட்டர் புல்லி, பின்னால் கிளட்ச் புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். வேரியேட்டருக்குள் உருளும் ரோலர்கள் எஞ்சின் வேகம் கூடக்கூட வெளிப்பக்கம் தள்ளி பெல்ட்டை மேலே ஏற்றும். அதுதான் கியர் மாறுவது. இந்தப் பெட்டி குளிர வெளிக்காற்றை உறிஞ்சும். கடற்கரையில் காற்றோடு மணலும் வரும். தனுஷ்கோடிப் பக்கம் நாலு தடவை போய்வந்த வண்டியின் இடதுபக்க மூடியைக் கழற்றினால் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி மணல், அதன்மேல் பெல்ட் தேய்ந்த கறுப்புத் தூள். இரண்டும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்ட மாதிரி.

பெல்ட் போகப்போகிறது என்பதை வண்டி முன்கூட்டியே சொல்லும். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் அகலம் குறைந்திருக்கிறது. வெர்னியர் அளவுகோலால் அளந்து மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். உள்பல் இடுக்கில் கீறல் தெரிந்தால் அளவே பார்க்க வேண்டாம், மாற்றிவிடலாம். 40-ஐத் தொடும்போது ஒரு வெட்டு வெட்டினால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் ஷூ பளபளத்துப்போயிருக்கும், உப்புத்தாளில் தேய்த்தால் சில நூறு கி.மீ. தாங்கும். ஊருக்குள் ஓட்டும் ஸ்கூட்டரில் பெல்ட்டை 20,000 கி.மீ.யை ஒட்டி மாற்றுவது வழக்கம். முழு லோடு, வெயில், மணல் என்றால் 15,000-இல் மாற்றுங்கள், கழற்றியதை எறியாமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது நடக்கும் ஒரு தப்பு எஞ்சினையே காவு வாங்கிவிடும். புது பெல்ட் இறுக்கமாக இருக்கும். பின் புல்லியின் இரண்டு தட்டுகளையும் கையால் பிரித்து பெல்ட்டை அதன் அடிவரை அழுத்திவிட்டால்தான் முன்பக்கம் தளர்வு கிடைக்கும். அதைச் செய்யாமல் முன் புல்லியை மாட்டி நட்டை முறுக்கினால் தட்டு பெல்ட்டின்மேல் உட்காரும், பாஸ் எனப்படும் நடுக்குழலின்மேல் உட்காராது. ஸ்பானருக்கு நட்டு இறுகிவிட்ட மாதிரித்தான் தெரியும். ஒரு கி.மீ. ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்குப் போகும், நட்டு தளரும், புல்லி கிராங்க் ஷாஃப்ட்டின் பற்களைத் தின்னத் தொடங்கும். பிறகு எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் வேலை ஆகாது. ஆகவே முறுக்கிய பிறகு பெல்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். முன் புல்லியில் அது லேசாகத் தொங்க வேண்டும். புல்லி முகத்தில் கிரீஸ் விரல் படக்கூடாது, ரோலரை உலர்வாகவே போட வேண்டும். அறுந்த பெல்ட்டை மாற்றுகிறீர்கள் என்றால் கிளட்ச்சைச் சுற்றிய நூல் துணுக்கு ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. இந்த வேலையை இங்கேயே ஒரு மெக்கானிக் பக்கத்தில் நிற்க, நீங்களே இரண்டு தடவை செய்து பழகுங்கள். மூன்றாவது தடவை துருக்மெனிஸ்தானில் தனியாகச் செய்ய வேண்டி வரலாம்.

ஸ்பேர் என்று மூட்டை கட்ட வேண்டாம். புது பெல்ட் ஒன்று, ரோலர் ஒரு செட், ஸ்பார்க் பிளக் இரண்டு, முன் டிஸ்க் பேட் ஒரு ஜோடி, பின் பிரேக் ஷூ, ஆக்சிலேட்டர் கேபிள், பின் பிரேக் கேபிள், ஃபியூஸ், ஏர் ஃபில்டர் இரண்டு, புல்லி பிடித்துக்கொள்ளும் கருவி. பேப்பர் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடும் சிக்கனம் வேண்டாம். ஆயில் ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும் எஞ்சின் இது. குறைந்த ஆயில் சீக்கிரம் கெடும். 2,500 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றுங்கள். பின் கியர் பெட்டிக்கு என்று தனியாக 100 மில்லி சொச்சம் ஆயில் இருப்பதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

பஞ்சர் விஷயத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்குப் பயிற்சி தேவையில்லை. சீமைக் கருவேல முள்ளில் டயர் படாத நாள் ஏது? ஆணி குத்தினால் காற்று சர்ரென்று போகும், ஓட்டை தெரியும். கருவேல முள் உள்ளேயே முறிந்து நிற்கும், காலையில் பார்த்தால் டயர் பாதி. ஒரே டயரில் மூன்று நான்கு முள் இருக்கும், ஒன்றை அடைத்தால் இன்னொன்று கசியும். சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி வரும் ஒவ்வோர் இடத்திலும் பிடுக்கியால் முள்ளைப் பிடுங்க வேண்டும். மயிரிழை ஓட்டைக்குப் பஞ்சர் நூலைக் குத்தினால் சின்ன ஓட்டை பெரிசாகும். அதற்கு சீலன்ட் திரவம்தான் சரி, ஒரு டயருக்கு 200 முதல் 250 மில்லி. ஆணிக்கு நூல், முள்ளுக்குத் திரவம் என்று இரண்டும் கையில் இருக்கட்டும். சின்ன ஏர் பம்ப்பை எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுங்கள், இந்த பேட்டரியின் கொள்ளளவு சின்னது. இஎக்ஸில் சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தும் வசதி உண்டு, மொபைல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

இந்தக் கடற்கரையில் சோதிக்க முடியாத ஒன்று மேடு. மாவட்டம் முழுக்கத் தட்டு மாதிரி கிடக்கிறது. ஸ்கூட்டரில் எஞ்சின் பிரேக்கிங் பெயருக்குத்தான், வேகம் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி உருளும். இறக்கம் முழுவதையும் முன் டிஸ்க்கும் பின் டிரம்மும்தான் தாங்க வேண்டும். டிரம் சூடேறினால் லிவர் பிடித்தும் வண்டி நிற்காது. முழு லோடோடு கொடைக்கானலிலிருந்து வத்தலகுண்டுக்கு ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். வேகத்தை 30-க்குள் வைத்து, ஆக்சிலேட்டரைத் துளி கொடுத்து கிளட்ச்சைப் பிடித்த நிலையிலேயே வைத்திருந்தால் எஞ்சின் கொஞ்சம் உதவும். பத்து கி.மீ.க்கு ஒரு தடவை நிறுத்தி டிரம் ஆற விடுங்கள், சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏற்றத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பவர் போகும். தஜிகிஸ்தானின் அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர். 8.6 பிஎஸ் அங்கே 5 பிஎஸ்ஸைத் தொடாது.

உப்பு வேறு ரகம். ஒரே வாரம் கடலோரமாக ஓடினால் சைலன்சர் போல்ட், டிஸ்க் காலிப்பரின் முளை, சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் எல்லாம் சிவந்துவிடும். கழுவுகிற தண்ணீரையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பது. காவிரித் தண்ணீர் ஒரு குடம் போதும். குறிப்பாக சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துடைத்து, தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். சுங்க அதிகாரி கார்னெட்டில் உள்ள எண்ணை வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். துரு ஏறி 8 எது 3 எது என்று தெரியாமல் போனால் எல்லையில் ஒரு நாள் போச்சு.

பேப்பர் வேலையில் தமிழ்நாட்டுக்காரருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். ஆர்சி-யில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, லைசென்ஸில் பெயருக்குப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், ஈரான் எல்லையில் தெரியாது. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி மற்றவற்றை மாற்றிய பிறகே கார்னெட்டுக்கு எழுதுங்கள். வண்டியைக் கடனில் எடுத்திருந்தால் முதலில் கடனை முடித்து ஆர்சி-யில் உள்ள வங்கிப் பெயரை நீக்கிவிடுவது நல்லது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இராமநாதபுரத்தின் டிஎன் 65 ஆர்டிஓ அலுவலகத்திலேயே வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வருவது. ஜப்பான் ஏற்கும், சீனா ஏற்காது. கார்னெட்டும் ஓராண்டுதான். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு: உள்ளே போகும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே வரும்போது ஒன்றை, மூன்றாவது புத்தகத்திலேயே இருக்கும். அந்த மூன்றாவதில் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். விழாமல் போனால் வண்டி அந்த நாட்டிலேயே விற்கப்பட்டதாகக் கணக்கு, டெபாசிட்டில் கை வைப்பார்கள். இந்திய இன்சூரன்ஸை எல்லை தாண்டி நம்ப முடியாது. அந்தந்த இடத்துக்கு வேறு இன்சூரன்ஸ் அட்டை வேண்டும்: ஐரோப்பாவில் கிரீன் கார்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் கொமேசா மஞ்சள் கார்டு.

ஒத்திகைக்கு நேபாளம் போதும். இந்திய வண்டிக்குக் கார்னெட் வேண்டாம். எல்லையில் பன்சார் என்ற நாள்கணக்குக் கட்டணம் கட்டிப் போகலாம்.

அரிச்சல்முனையில் நின்றால் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தான். வண்டி ஏற்றிப்போகும் கப்பல் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் தொடங்கிய கப்பலும் ஆட்களுக்கானது. ஆக, கண் எட்டும் தூரத்து அந்நிய மண்ணுக்கு ஸ்கூட்டர் போக வேண்டுமென்றால் தூத்துக்குடி போய் கன்டெய்னரில் ஏற வேண்டும். பலர் பங்கு போட்டுச் சரக்கு ஏற்றும் கன்டெய்னரில் கன மீட்டர் கணக்கில்தான் கட்டணம், எனவே பெட்டி அளவு பணம். வண்டி 1,905 மி.மீ. நீளம், 1,140 உயரம். அப்படியே பெட்டி போட்டால் 1.95 × 0.80 × 1.20, கிட்டத்தட்ட 1.9 கன மீட்டர். முன் சக்கரம், கண்ணாடி, மிரர் கழற்றி முன்பக்கத்தைத் தாழ்த்தினால் 1.65 × 0.80 × 1.10, சுமார் 1.45-இல் முடிக்கலாம். மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை பெட்டியில் இல்லாவிட்டால் போய்ச் சேரும் துறைமுகத்தில் பெட்டி நிற்கும். பெட்ரோலை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி இரண்டு முனையிலும் டேப் சுற்றுங்கள்.

யாருக்கு இந்த வண்டி வேண்டாம் என்பதும் எளிது. 80-க்கு மேல் நாள் முழுக்க ஓட்ட ஆசைப்படுபவர், பின்னால் ஆள் ஏற்றுபவர், எக்ஸ்பிரஸ் சாலையிலேயே போக நினைப்பவர். ஜப்பானில் 125 சிசி வரையுள்ள வண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறவே முடியாது. தாய்லாந்து மோட்டார்வேயில் எந்த இருசக்கர வண்டிக்கும் இடமில்லை. உள்ரோட்டில் டீ குடித்துக்கொண்டு போக மனமுள்ள ஒற்றை ஆளுக்கு, இஎக்ஸ் சரியான வண்டி.

ஆஸ்திரேலியா திட்டத்தில் இருந்தால் பெட்டியில் ஏற்றும் முன் மட்கார்டு, சென்டர் ஸ்டாண்ட், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுங்கள். அங்கே உயிர்ப் பாதுகாப்புச் சோதனையில் சேறும் விதையும் கண்டால் திரும்பக் கழுவச் சொல்லி நம்மிடமே பணம் வாங்குவார்கள். நம் சீமைக் கருவேலத்தின் இனம் மெஸ்கீட் என்ற பெயரில் அந்த நாட்டின் தேசிய முக்கியத்துவக் களைப் பட்டியலில் இருக்கிறது. ஆடு தின்று போட்ட புழுக்கையோடு அதன் விதை சேற்றில் கலந்து மட்கார்டின் உள்மடிப்பில் ஒட்டிக் காய்ந்திருக்கும், குழாய்த் தண்ணீருக்கு அசையாது. பழைய டூத்பிரஷ் ஒன்று எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.